படத்தில் இருந்தது காப்பர் டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்தோல் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்ந்து வலி கொடுக்கிற நோய்) பற்றி வந்த 'ஹார்மோன் காயிலா, அறுவை சிகிச்சையா?' கட்டுரையைப் படித்தேன். யாரையும் பயமுறுத்தாமல் எழுதியிருந்தார்கள், சந்தோஷம். ஆனால் கூடவே போட்டிருந்த படம் ஹார்மோன் காயிலுடையது இல்லை. அது காப்பர் டி, கர்ப்பப்பைக்குள் வைக்கிற இன்னொரு சாதனம். தண்டில் சுற்றிய செம்புக் கம்பி பளிச்சென்று தெரிகிறது. நான் நீடாமங்கலம் பக்கத்தில் 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். படம் மாறிப்போனதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வதில் போய் நிற்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் உள்ளே வைக்கிற எதற்கும் பெயர் லூப்தான். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனதும் இலவசமாக வைக்கிற காப்பர் டி-யும் லூப், டாக்டர் எழுதிக்கொடுத்துச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி வைக்கிற ஹார்மோன் காயிலும் லூப். இரண்டும் டி வடிவம், இரண்டிலும் நூல் தொங்கும், இரண்டும் கர்ப்பத்தைத் தடுக்கும். ஒற்றுமை அவ்வளவோடு சரி. காப்பர் டி வைத்தால் பல பேருக்கு மாதவிலக்கில் ரத்தமும் வலியும் கூடும். ஹார்மோன் காயிலில் செம்பு கிடையாது. தண்டைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை, அதில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்கிற ஹார்மோன் மருந்து. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் என்று கசிந்து, போகப்போகக் குறையும். அந்த மருந்து கர்ப்பப்பையின் உள்தோலை மெலிதாக்கிவிடும். அதனால் ரத்தமும் குறையும், வலியும் குறையும். பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் செய்கிற வேலை நேர் எதிர்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நானே தப்பு செய்திருக்கிறேன். நடவுக்குப் போகிற ஒரு பெண். சம்பா நடவு நேரத்தில் மாதவிலக்கு வந்தால், சேற்றில் குனிந்தவள் நிமிர முடியாமல் வரப்பில் சுருண்டு படுத்துவிடுவாள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்குவாள். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அவளுக்கு நான்தான் காப்பர் டி வைத்தேன். மூன்று தடவை வந்து, "வலி கூடிப்போச்சு நர்சம்மா" என்றாள். மூன்று தடவையும், "கொஞ்ச நாள்ல பழகிடும் தாயி" என்று அனுப்பினேன். நாலாவது தடவை என்னிடம் வரவில்லை. டவுனில் போய் லூப்பையும் எடுத்து, அடுத்த வருஷம் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டாள். அப்போது அவளுக்கு 35 வயதுகூட ஆகவில்லை. அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த வார்த்தையே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தெரியவந்தது என் மகளால்தான். பதினைந்து வயதிலிருந்து மாதம் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்க வைத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன், செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்தேன். ஊராருக்கெல்லாம் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன்: "கல்யாணம் ஆனா சரியாயிடும்." 24 வயதில் ஸ்கேனில் சினைப்பையில் சாக்லேட் கட்டி தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்தோல் மாதிரியான திசு வெளியே சினைப்பையில் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே ரத்தம் கசிந்து, பழைய ரத்தம் கெட்டியாகிச் சாக்லேட் குழம்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குத்தான் அந்தப் பெயர். துளை போட்டு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்புறம் கல்யாணம், 27-ல் ஒரு குழந்தை. பால்குடி நின்ற கொஞ்ச காலத்தில் வலியும் திரும்பியது, கட்டியும் திரும்பியது.

ஆபரேஷன் செய்தால் திரும்ப வராது என்று நம்பியிருந்தோம். அப்படி இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து எதுவும் எடுக்காமல் விட்டால், இரண்டு வருஷத்தில் ஐந்தில் ஒருவருக்கும், ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கும் நோய் திரும்பலாம் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. தையல் பிரிக்க வரச்சொன்னார்கள், அவ்வளவுதான்.

31 வயதில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேன் படத்தை விளக்கில் ஒருமுறை காட்டிவிட்டு, "குழந்தைதான் இருக்கே, அப்புறம் எதுக்கு கர்ப்பப்பை? சினைப்பையோட சேர்த்து எடுத்துடலாம்" என்றார்கள். அடுத்த கேள்வி காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பது. 31 வருஷம் சர்வீஸ் போட்ட நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். என் மகள்தான் கேட்டாள்: "எடுத்தா வலி போயிடுமா?" போய்விடும் என்று பட்டென்று பதில் வந்தது.

அது அவ்வளவு நிச்சயம் இல்லை. நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, வெளியே ஒட்டியிருப்பதை விட்டுவிட்டால் வலி இருந்துகொண்டே இருக்கலாம். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் அப்படி இருக்கிறாள். சினைப்பைகள் இரண்டையும் 31 வயதில் எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற வயதுக்குப் போய்விடுவாள். உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, எலும்பு தேய்மானம் எல்லாம் இருபது வருஷம் முன்னாடியே வரும், இதய நோய்க்கான ஆபத்தும் கூடும். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. டவுன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

தஞ்சாவூரில் வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். படம் வரைந்து இருபது நிமிஷம் பேசினார். நீங்கள் தலைப்பில் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன், காயிலா ஆபரேஷனா என்று. "ரெண்டும் ஏன் கூடாது?" என்றார். கட்டி பெரிசு, காயில் அதைக் கரைக்காது, அதனால் துளை ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டு, அதே மயக்கத்திலேயே காயிலையும் வைத்துவிடலாம் என்றார். கர்ப்பப்பையும் சினைப்பையும் இருந்த இடத்தில் இருக்கும். அப்படியே செய்தோம்.

அதற்கப்புறம் எல்லாம் சுகம் என்று எழுத ஆசைதான். முதல் ஐந்து மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. மூன்று முதல் ஆறு மாதம் வரை இப்படி இருக்கலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்தோம். ஆனால் வீட்டுக்குள் அது வேறு பிரச்சினை. அவள் வாழ்க்கைப்பட்டது வலங்கைமான் பக்கம். அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு வீட்டார் எல்லாரும் காப்பரிசி, காதோலை கருகமணியோடு குடமுருட்டிக்குப் போக, இவள் மட்டும் திண்ணையில். துணியில் பட்டது ஒரு சொட்டு, ஆனால் சம்பந்தி அம்மா கணக்கில் விலக்கு விலக்குதான். "மாசம் மூணு நாளா இருந்தது முப்பது நாளாப் போச்சே, அந்தக் கருமத்தை எடுத்துடச் சொல்லு" என்று எனக்கு போன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காயிலை எடுத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். டாக்டர்கள் இதைப் பக்கவிளைவு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பூஜை அறைக்குள் போக முடியாத பெண்ணுக்கு அது ஒரு வரி இல்லை.

அப்புறம் சொட்டுவது நின்றது. எட்டாவது மாதம் விலக்கே வரவில்லை. உடனே சம்பந்தி அம்மாவுக்கு வேறு பயம்: "அழுக்கு ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிடுமே!" இதை என் சர்வீஸில் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். தங்குவதற்கு ஒன்றும் இல்லை. உள்தோல் வளர்ந்தால்தானே உதிர? காயிலை எடுத்தால் விலக்கு பழையபடி திரும்பிவிடும், பிள்ளைப்பேறும் தடைபடாது. அந்த அம்மாவை உட்காரவைத்து, வயலில் தண்ணீர் கட்டவில்லையென்றால் வடிப்பதற்கு என்ன இருக்கும் என்று கேட்டேன். அது புரிந்தது.

காயில் எல்லாருக்கும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் என்று இருப்பவளுக்கு அது ஆகாது. பெரும்பாலோருக்கு அது கருமுட்டை வெளிவருவதை நிறுத்துவதில்லை, அதனால் சினைப்பையில் கட்டி திரும்பவே திரும்பாது என்றும் சொல்ல முடியாது. என் மகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கிறாள். சிலருக்குக் காயில் நழுவி வெளியே வந்துவிடும். சிலருக்கு முகப்பரு, மார்பு கனப்பு, மனச்சோர்வு. குடலையோ சிறுநீர்க் குழாயையோ நோய் இறுக்கினால் ஆபரேஷன்தான் வழி. பிள்ளைகள் போதும் என்றான 45 வயதுக்காரி, எல்லாம் பார்த்த பிறகு கர்ப்பப்பையை எடுக்கலாம் என்று அவளே முடிவு செய்தால் அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரிட்டனில் எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷன் முடிந்த 405 பெண்களை மூன்று வருஷம் கவனித்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. ஒரு பாதிக்குக் கருத்தடை மாத்திரை, மறு பாதிக்கு ஹார்மோன் காயில் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கருத்தடை ஊசி. நம் அரசு ஆஸ்பத்திரியில் 'அந்தரா' என்று இலவசமாகப் போடுகிறார்களே, அந்த மருந்துதான் அந்த ஊசி. வலி இரண்டு பக்கமும் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி ஆபரேஷன், வேறு சிகிச்சை என்று போக வேண்டியிருந்தவர்கள் காயில், ஊசிப் பக்கம் குறைவு. 40 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். என் மகளுக்கும் வலி சுத்தமாகப் போகவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு நாள் முணுமுணுக்கும். ஆனால் வேலைக்கு லீவு போடுவதில்லை.

அரசுக்கு ஒரு விண்ணப்பம். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். கூடவே, மாதவிலக்கு வலியால் வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள். காப்பர் டி-யை இலவசமாக வைக்கிற ஆஸ்பத்திரிகளில் ஹார்மோன் காயிலும் வலிக்கான வைத்தியமாக இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த இதழில் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எது என்று பெயர் போடுங்கள். பயிற்சிக்குக் கொடுத்த பழைய காப்பர் டி ஒன்று என் பீரோவில் இருந்தது. மகளுக்கு வைத்த காயிலின் காலி அட்டைப்பெட்டியில் அதன் படம் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் சமையல்கட்டு மேடையில் வைத்து மருமகன் எடுத்த போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் செம்புக் கம்பி எதில் இருக்கிறது என்பது தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.
(மகளைப் பற்றி எழுதியிருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம். இதை எழுதச் சொன்னதே அவள்தான்.)