புகார் சொன்னால் பஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலை எட்டு மணி வாக்கில் அவிநாசியிலிருந்து திருப்பூர் வருகிற பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். பனியன் கம்பெனி பெண்களும் காலேஜ் பிள்ளைகளும் நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தில், பிரேக்கே போடாதபோதும் மேலே வந்து சாய்கிறவர்களும், கம்பியைப் பிடிக்கிற சாக்கில் நம் கையைப் பிடிக்கிறவர்களும் தினமும் இருக்கிறார்கள். எங்கள் செக்கிங் செக்ஷன் அக்காக்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்ட மாட்டார்கள், இடுப்புக்குப் பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு வேலையைப் பழக்குவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

போன மாதம் எங்களோடு வேலை செய்கிற ஒடிசா பெண் ஒருத்திக்கு இது நடந்தது. தமிழ் வராது, அதனால் சத்தம் போடக்கூடத் தெரியாமல் என்னைப் பார்த்து அழுதாள். நான் கண்டக்டரிடம் சொன்னேன். "கூட்டம்னா அப்படித்தானுங்க அம்மிணி இருக்கும், அந்தப் புள்ளைய முன்னால வரச் சொல்லுங்க" என்றார். அவள் முன்னால் போனாள், அந்த ஆள் அவன் ஸ்டாப்பில் சாவகாசமாக இறங்கிப் போனான். கண்டக்டர் கெட்டவர் இல்லை. பின்னால் இன்னொரு வண்டி வருகிறது, டைம் போய்விடும் என்கிற பதற்றம் அவருக்கு.

ஆனால் அவர் செய்திருக்க வேண்டியது என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2012 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. 1999ல் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்த போலீஸ்காரர் ஒருவரின் வழக்கு அது. பஸ்ஸுக்குள் ஒரு பெண் புகார் சொன்னால் வண்டியைப் பக்கத்திலிருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்று அந்தத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. 2022ல் நம் மாநில மோட்டார் வாகன விதிகளையும் திருத்தி, முறைத்துப் பார்ப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது வரைக்கும் குற்றமாக்கி, அப்படிச் செய்கிற ஆளை இறக்கிவிடவும் போலீசில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். தனியார் பஸ்கள் இவ்வளவு ஓடுகிற நம் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம், பெர்மிட் போகும் என்று தெரிந்தால் எந்த முதலாளியும் சும்மா இருக்க மாட்டார். ஆனால் நான் கேட்டுப் பார்த்த டிரைவர், கண்டக்டர் யாருக்கும் இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே தெரியவில்லை.

கை பட்டதற்கெல்லாமா ஸ்டேஷன் என்று கேட்பவர்கள், 2025 பிப்ரவரியில் கோவையிலிருந்து திருப்பதி போகிற இன்டர்சிட்டி ரயிலில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணியிடம் ஒருவன் தவறாக நடக்கப் பார்த்து, அவர் எதிர்த்ததும் ஓடுகிற ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது.

'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி இந்த உத்தரவையும் 181 என்ற உதவி எண்ணையும் எல்லா பஸ்ஸிலும் பெரிதாக எழுத வேண்டும். திருப்பூர் வண்டிகளில் இந்தியிலும் ஒடியாவிலும்கூட எழுத வேண்டும். அரசு பஸ், தனியார் பஸ் என்று பார்க்காமல் கண்டக்டர்களைக் கூப்பிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. "எதுக்கு கண்ணு வம்பு, நேரமாச்சு" என்று பஸ்ஸுக்குள் முதலில் சொல்வது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களைக் கோபித்துப் பயனில்லை, வண்டி ஸ்டேஷனில் நின்றால் அன்றைக்கு அத்தனை பேருக்கும் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் பனியன் கம்பெனி முதலாளிகளிடமும் கேட்கிறேன்: புகார் கொடுக்க வண்டி நின்ற நாளில், அந்த வண்டியில் வந்த யாருக்கும் லேட் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர்,
அவிநாசி.