தம்பிக்கு, வண்டி விஷயமா

தம்பி,

நல்லா இருக்கியா. நான் நல்லாத்தான் இருக்கேன், முட்டி வலி அப்படியே இருக்கு, அத விடு. வண்டி என்ன விலை போகும்னு ஒரு வரி மெசேஜ் போட்டிருந்த, உடனே கூப்பிட்டா நீ எடுக்கல, வேலையா இருந்திருப்ப. சரி, எழுதியே அனுப்பிடறேன். போன்ல பேசுனா சரிம்மா சரிம்மான்னு சொல்லிட்டு வெச்சிடுவ.

விலை ஒண்ணும் பெருசா போகாது, அத மொதல்லயே சொல்லிடறேன். 2,40,000 கிலோமீட்டர் ஓடுன இந்த மாதிரி பழைய பெரிய சொகுசு காருன்னா வாங்க வர்றவன் மீட்டர பாத்ததுமே பாதி விலை பேசுவான், அவன் பேசுறதும் தப்பில்ல. ஏன்னா இந்த ஜாதி வண்டிங்களுக்கு வண்டி விலைதான் வருஷா வருஷம் எறங்கும், பார்ட்ஸ் விலை எறங்கவே எறங்காது, புதுசுல அது என்ன வண்டியோ அந்த வண்டிக்கான விலையதான் கடைசி வரைக்கும் பார்ட்ஸுக்கு குடுக்கணும். சின்ன வண்டி விலையில பெரிய வண்டி கெடைக்குதேன்னு வாங்கிட்டு மொத சர்வீஸ் பில்ல பாத்து முழிக்கறவங்கதான் அதிகம். அதனால இத விக்கறதுல உனக்கு பெருசா ஒண்ணும் கைக்கு வராது, ஓட்டறதுலதான் லாபம், ஆனா ஒழுங்கா பாத்துக்கிட்டாதான். எதுக்கு விக்கணும்னு நான் கேக்கல. உனக்கு தோணுனா சொல்லு.

அப்பா நோட்டு டேஷ்போர்டு பெட்டியிலதான இருக்கு? கடைசியா அதுல எப்ப எழுதுன? அப்பா போனப்புறம் நான் ஓட்டுன வரைக்கும் ஒரு பல்பு மாத்துனாக்கூட எழுதியிருக்கேன், தேதி, கிலோமீட்டர், என்ன ஆயில், யார் போட்டாங்க எல்லாம். உன் கையெழுத்து வந்ததுக்கப்புறம் ரெண்டு பக்கம்கூட நெறையலன்னு அக்கா சொன்னா. நாளைக்கு நெஜமாவே விக்கறதா இருந்தாலும் அந்த நோட்டுக்குதான் மதிப்பு. பழைய வண்டியில என்ன எப்ப மாத்துனோம்னு தெரியலன்னா எல்லாத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து மாத்த வேண்டியதுதான்.

மொத விஷயம் கூலன்ட், இன்ஜின் சூட்ட தணிக்கற தண்ணி. நூறு தடவ சொல்லியிருப்பேன், இன்னொரு தடவ சொல்றேன். இந்த வண்டிங்கள்ல ரேடியேட்டர் ஓரம், எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் மூடி எல்லாம் பிளாஸ்டிக். வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி அது அப்பளமா நொறுங்கும், வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஒரு நாள் ஹைவேல போகும்போது பொசுக்குன்னு விட்டுடும். டெம்பரேச்சர் முள்ளு நடுவுலதான நிக்குதுன்னு நீ சொல்லுவ, இப்ப வர்ற வண்டிங்கள்ல நெறைய அந்த முள்ள நடுவுல நிக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, சூடு கொஞ்சம் ஏறுனாலும் எறங்குனாலும் அசையாது, அது அசைஞ்சு மேல போறத நீ பாக்கும்போது ஏற்கனவே லேட்டு. அதனால முள்ள நம்பாத, காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்க்ல லெவல பாரு. கொறஞ்சிருந்தா ஊத்திட்டு மறந்துடாத, மூடுன சிஸ்டத்துல கூலன்ட் கொறையுதுன்னா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். ஆயில் மூடிய தொறந்து பாரு, உள்பக்கம் பால் கலந்த மாதிரி இருந்தா இன்ஜினுக்குள்ள ஆயிலும் கூலன்ட்டும் கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், குளிருல கொஞ்ச கொஞ்ச தூரமா ஓட்டுனாலும் அப்படி வரும், எதுவா இருந்தாலும் காட்டிடு.

அக்கா சொன்னா, அன்னிக்கு வீடியோ கால்ல நீ வண்டிக்குள்ள ஒக்காந்துதான் பேசுனியாம், பின் சீட்டுல தலகாணியும் போர்வையும் இருந்துச்சாம். நான் ஒண்ணும் கேக்கல. தூரப் பயணம் போயிருப்ப, பாதி வழியில கண்ண மூடியிருப்ப, நல்லதுதான், தூக்கத்தோட ஓட்டறதுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆனா ஆயில் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோ. வண்டி நின்ன எடத்துலயே மணிக்கணக்கா ஓடுனா மீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் கெட்டுட்டே இருக்கும். கம்பெனி புக்குல 25,000, 30,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கறதெல்லாம் புது வண்டிக்கு, நல்ல ரோட்டுல நீளமா ஓடுற வண்டிக்கு. நம்ம வண்டி வயசுக்கு 10,000த்துக்கு ஒரு தடவ இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவ, எது மொதல்ல வருதோ அது. ஏசிக்காக நின்ன எடத்துல இன்ஜின ஓட்டுறன்னா அதுக்கும் முன்னாடியே மாத்திடு. டின்னுக்கு பின்னாடி அப்ரூவல் நம்பர் இருக்கும், அது புக்குல உள்ளதோட ஒத்துப்போகணும், சும்மா நல்ல பிராண்டுன்னு கடக்காரன் சொல்றத வாங்காத. காலைல ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்டு கடகடன்னு சத்தம் வருதா? இன்ஜினுக்குள்ள இருக்கற டைமிங் செயினா இருக்கலாம், அத தள்ளிப்போட்டா இன்ஜினே போயிடும்.

இன்னொண்ணு. இன்ஜின் ஓடிட்டிருக்கும்போது கண்ணாடிய மூடிட்டு தூங்காத. தயவுசெஞ்சு தூங்காத. பழைய வண்டில எக்சாஸ்ட் பைப்புல, கேஸ்கெட்டுல எங்க விரிசல் இருக்குன்னு தெரியாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது, தல வலிக்குதேன்னு நெனைக்கறதுக்குள்ள மயக்கம் வந்துடும். ஷெட்டுக்குள்ளயோ மூடுன பார்க்கிங்லயோ நிறுத்தி இன்ஜின ஓட்டவே ஓட்டாத, கண்ணாடி தொறந்திருந்தாலும் சரி. இத படிச்சதும் ஒரு மெசேஜ் போடு. கட்டவிரல் படம் போடாத, வார்த்தைல போடு.

இன்ஜின ஆஃப் பண்ணிட்டு போன் சார்ஜ் போடறது, லைட்டு போடறதுன்னு இருந்தா பேட்டரி காலி. இந்த வண்டிங்களுக்கு பேட்டரி கொஞ்சம் எறங்குனாலே கம்ப்யூட்டர் கொழம்பி, பிரேக், கியர், ஏர்பேக்னு இருக்கற லைட்டெல்லாம் ஒண்ணா எரியும், அத பாத்து எவனாவது பெரிய கோளாறுன்னு பில்லு தீட்டுவான். மொதல்ல பேட்டரியோட வோல்டேஜ பாக்கச்சொல்லு. புதுசு போட்டா நெறைய வண்டில கம்ப்யூட்டருக்கு அத பதிவு பண்ணணும், பண்ணலன்னா பழைய பேட்டரி மாதிரியே சார்ஜ் ஏத்தி சீக்கிரம் கெடுத்துடும்.

மஞ்ச லைட்டு ஒண்ணு எரியுதுல்ல? அன்னிக்கு போன்ல டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு, என்னடான்னா ஒண்ணுமில்லம்மான்னுட்ட. உனக்கு சின்னதுலேர்ந்தே இந்த ஒண்ணுமில்லம்மா. ஜொரம் அடிக்கும்போதும் ஒண்ணுமில்ல, அந்த வேலைய விட்டப்பவும் ஒண்ணுமில்ல, எனக்கு ஆறு மாசம் கழிச்சு யாரோ சொல்லித்தான் தெரியணும். மஞ்ச லைட்டுன்னா ஓட்டலாம், சீக்கிரம் காட்டணும். செவப்புல ஆயில் வெளக்கு எரிஞ்சா அங்கயே ஓரங்கட்டி இன்ஜின அணைச்சிடணும், வீடு பக்கந்தானேன்னு ஒரு கிலோமீட்டர் ஓட்டுனாலும் போச்சு. வண்டி கோளாறு பாக்கற ஸ்கேனர் வாங்கி வெச்சிருந்தியே, அதுல கோளாறு கோட் என்னன்னு மொதல்ல எழுதிக்கோ, அப்புறம் அழி. எழுதாம அழிச்சிட்டா மெக்கானிக்குக்கு ஒண்ணும் கெடைக்காது, லைட்டு மறுநாள் திரும்ப வரும். கோட்ல ஒரு சென்சார் பேரு வந்தா உடனே அந்த சென்சார மாத்தணும்னு இல்ல, பாதி நேரம் வயரு, இல்லன்னா எங்கயோ காத்து போற ஒரு ரப்பர் ஹோஸ்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு எவனாவது சொன்னா கேக்காத. யாரோட ஆயுசுன்னு அப்பா கேப்பாரு ஞாபகமிருக்கா. நம்ம வண்டில இருக்கற ஆட்டோமேட்டிக் பெட்டிய செய்யுற இசட்எஃப் (ZF) கம்பெனிக்காரனே 80,000லேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல மாத்துங்கன்னுதான் சொல்றான். நோட்டுல பாரு, கடைசியா 1,55,000ல மாத்துனது, இப்ப நேரம் வந்தாச்சு. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, அது காத்துலேர்ந்து தண்ணிய இழுத்துக்கும், எறக்கத்துல சூடாச்சுன்னா பெடல் உள்ள போயிடும். டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் வேண்டாம்.

காலைல பாக்கும்போது வண்டி ஒரு மூலைல எறங்கி நிக்குதா? வண்டிய தாங்கற காத்துப் பை, அந்த ஏர் சஸ்பென்ஷன்ல காத்து கசியுது, அத அப்படியே விட்டா காத்தடிக்கற கம்ப்ரசர் ஓடி ஓடி எரிஞ்சிடும், சின்ன செலவு பெருசாயிடும். சன்ரூஃப் நாலு மூலையிலயும் தண்ணி எறங்கற குழாய் அடைச்சிருக்கான்னு பாரு, அடைச்சா தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில போகும், அங்கதான் கம்ப்யூட்டர் பெட்டிங்க இருக்கும். நீ படுக்கற, இல்ல, கால் வெக்கற எடத்துல கைய வெச்சு பாரு, ஈரமா இருந்தா தெரியும்.

சீட்டு மெமரி வேலை செய்யலையா, விட்டுடு. கதவு தானா சாத்திக்கலையா, கையால சாத்து. கூலன்ட், ஆயில், பிரேக், டயர், இதுக்கு காசு போனப்புறம்தான் மத்ததெல்லாம். பார்ட்ஸும் எல்லாத்தையும் வண்டிக் கம்பெனி டப்பாவுலயே வாங்கணும்னு இல்ல, பாஷ், மாலே, லெம்ஃபோர்டர் மாதிரி அவங்களுக்கே சப்ளை பண்றவங்க பேருல வர்ற டப்பா இருக்கு, விலையும் கொறைவு. டூப்ளிகேட் மட்டும் வேண்டாம். கையில இல்லன்னா சொல்லு, நான் இங்கேருந்து வாங்கி அனுப்பறேன், கடனாவே வெச்சுக்கோ உனக்கு ரோஷம்னா.

உன்ன திட்டறதுக்காக எழுதல. அப்பாவ கூட்டிட்டு போன அந்த ராத்திரி நீ ஓட்டுன மாதிரி இந்த வண்டிய யாரும் ஓட்டுனதில்ல, அப்பாவே பின்னாடி படுத்துக்கிட்டு பய கிளீனா ஓட்டறான்னுதான் சொன்னாரு. அதனாலதான் சாவிய அக்காகிட்ட குடுக்காம உன்கிட்ட குடுத்தேன், அவளுக்கு இன்னிக்கும் அதுல வருத்தம்.

ஒண்ணு பண்ணலாம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸு, டேங்கு எல்லாத்தையும் ஒண்ணா மாத்திடலாம்னு அப்பாவோட மெக்கானிக்கிட்ட பேசிட்டேன், கியர்பாக்ஸ் ஆயிலும் சேத்து. தனித்தனியா மாத்துனா ஒவ்வொரு தடவையும் கூலிதான் தண்டம். பார்ட்ஸ் வர்றதுக்கே நாளாகும், வண்டி அவர்கிட்டதான் நிக்கணும், அது வரைக்கும் நீ வேற எங்க போவ, மாடி ரூம்ல இரு. பெட்ஷீட்டெல்லாம் மாத்தியாச்சு. மருமகளும் வந்தா வரட்டும், வரலன்னா பரவால்ல, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், அக்காவையும் கேக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். வாடகை வண்டில வராத, நம்ம வண்டியிலயே வா, பகல்ல கெளம்பு. கூலன்ட் மூடிய இன்ஜின் சூடா இருக்கும்போது தொறக்காத. ரெண்டு லிட்டர் கூலன்ட் டிக்கில போட்டுக்கோ, புக்குல சொன்ன வகையே வாங்கு, கலர பாத்து வாங்காத.

அம்மா