உப்பு பூத்த வயலை மீட்டுத் தந்தவர்களுக்கு

ஊர் மக்களுக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டக் கரையோர வயல்களுக்குள் கடல் புகுந்தபோது சம்பா பயிர் கதிரோடு நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு கிடந்தது கருஞ்சேறு. வெயில் ஏற ஏற அதன்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதே வயலில்தான் இன்று நெல் அறுக்கிறோம்.

அந்தச் சேற்றை வழித்து அள்ளிய அக்காமார்களுக்கு முதல் நன்றி. உங்களில் பலர் வீட்டில் துக்கம் ஆறாத நேரம் அது. அப்படியும் வந்தீர்கள்.

மண்ணைப் பரிசோதித்துச் சொன்ன வேளாண்மை அலுவலர் ஐயாவுக்கு நன்றி. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்து திறன் (dS/m அளவில்) 4-ஐத் தாண்டினால் உவர் நிலம், நெல்லுக்கு 3-ஐத் தாண்டும்போதே மகசூல் குறையத் தொடங்கும் என்று வரப்பில் உட்கார்ந்து விளக்கினீர்கள். கடல் உப்பிலுள்ள சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிலத்தை இறுக்கிவிடும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் அதைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். ஆனால் பெயர்ந்த உப்பு தண்ணீரோடு வெளியேறியாக வேண்டும் என்றீர்கள்.

எங்கள் வயலிலிருந்து வடிகாலுக்குப் போகும் வழியில் இருப்பது கீழ்வயல் அண்ணனின் நிலம். "உப்புத் தண்ணி என் வயல் பக்கம் வரக் கூடாது" என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவரோ தன் நிலத்தின் ஓரத்தில் வாய்க்கால் வெட்ட இடம் விட்டார், மண்வெட்டியோடு கூடவே நின்றார். 2005 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழையை வரப்பை உயர்த்தித் தேக்கினோம், வடித்தோம், மறுபடி தேக்கினோம். ஜிப்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வடிய வழியில்லாத வயலில் எத்தனை மூட்டை கொட்டினாலும் வீண்தான் என்பது என் உறுதியான எண்ணம். அண்ணே, இந்த நிலம் பிழைத்தது நீங்கள் விட்ட அந்த ஓரத்தால்தான்.

அப்புறம் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். உழவுக் கூலியை அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்ற டிராக்டர் தம்பிக்கு நன்றி.

உப்பைத் தாங்கும் குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல் விதையைப் படியளந்து கொடுத்த பெரியவருக்கும், களர் (சோடியம் மிகுந்த மண்) தாங்கும் திருச்சி 1 நெல் ரகத்தை உருவாக்கிய திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்கும் நன்றி. சுனாமிக்குப் பிறகு இந்தப் பகுதி விவசாயிகளுக்குத் துணை நின்ற நம்மாழ்வார் ஐயாவையும் நெஞ்சார நினைக்கிறேன்.

புரட்டாசி மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வார வேண்டும், அதற்கு முதல் ஆளாக நான் வருகிறேன். பக்கத்து ஊர்களில் உப்பு ஏறிய வயல் வைத்திருப்பவர்கள் தை அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். குழியடிச்சான் விதை எடுத்து வைத்திருக்கிறோம், காசு வேண்டாம்.

நன்றியுடன்,
நாகை கடலோர விவசாயி