ஜீப்பில் போகிற பெண்களுக்கு யார் பரிசோதனை செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஹெச்பிவி வைரஸ்தான் காரணம் என்று சொன்னது சரி, ஆனால் அது செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது தெரியாததால்தான் எங்கள் பக்கம் இந்த நோய் வந்த பெண்ணை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் சித்தி இருபது வருஷம் தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்தவர். வெள்ளைப்படுதலை யாரிடமும் சொல்லாமல், துணியைத் தனியாகத் துவைத்து, மேலே பழைய சேலையைப் போட்டு மூடிக் காயவைப்பார். தெரிந்தபோது நோய் முற்றிவிட்டது. இழவு வீட்டிலேயே "என்ன பண்ணினாளோ" என்று எங்கள் காதுபடப் பேசினார்கள்.

சித்தி ஒன்றும் பண்ணவில்லை. குடும்ப வாழ்க்கையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, என்றாவது ஒரு நாள் இந்த வைரஸ் தொற்றத்தான் செய்யும். அதிகம் பேருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே விரட்டிவிடும். சிலரிடம்தான் 16, 18 மாதிரியான வகைகள் வருஷக்கணக்கில் தங்கிவிடுகின்றன, இந்த நோயில் சுமார் 70 சதவீதம் அந்த இரண்டு வகைகளால் வருவதுதான்.

நான் குமுளி பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன்: செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் ஒரு செக்போஸ்ட் உண்டு, அங்கே ஆர்பி என்ற புரதம், பிரியச் சொல்லும் ஈ2எஃப் புரதத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். வைரஸின் ஈ7 புரதம் ஆர்பியோடு ஒட்டிக்கொள்ள, ஈ2எஃப் விடுபட்டு, செல் நேரங்காலம் இல்லாமல் பிரிய ஆரம்பிக்கும். சாதாரணமாக, இப்படித் தப்பு நடந்தால் பி53 என்ற காவலாளி செல்லை நிறுத்தும், முடியாவிட்டால் சாகச் சொல்லும். அந்தக் காவலாளியை ஒழிக்கத்தான் வைரஸின் இன்னொரு புரதம், ஈ6. அது நம் செல்லின் சொந்த என்சைம் ஒன்றையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு பி53 மேல் "குப்பை" என்று முத்திரை குத்த வைக்கிறது, செல்லின் கழிவு இயந்திரமே காவலாளியை அரைத்துவிடுகிறது. ஈ5 என்று இன்னொன்று, வெளியிலிருந்து வரும் "வளரு" என்ற சைகை அணையாமல் பார்த்துக்கொள்ளும். காவல் இல்லாத செல்லில் மரபணுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இதில் நடத்தை எங்கே வந்தது?

பிழைகள் சேர்ந்து புற்றாக மாற பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகும். அவ்வளவு அவகாசம் இருக்கிறது, ஐயா! பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, மாறிப்போன செல்களைக் காட்டும் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்தார்கள், தேவையானவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது.

ஆனால் எங்கள் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறுகிறார்கள், இருட்டித்தான் இறங்குகிறார்கள். பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அப்புறம் யார் போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஸ்டாண்டு பக்கத்திலேயே பரிசோதனை முகாம் வையுங்கள் என்று இரண்டு மாநிலத்துச் சுகாதாரத் துறைக்கும் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். ஆள் கூட்டி வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
குமுளி