உன் கணினியில் எல்லாச் சங்கிலியும் ஒரே நீளம்

அன்புள்ள சுமதி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் பாக்கி. திட்டுவதானால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிவா வேலை மாறிவிட்டான், போன் எடுக்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

"பத்து அலகு நீளத்தை வைத்துக்கொண்டு அதையும் பாலிமர் என்கிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. என் சங்கிலி ஒவ்வொன்றிலும் பாலிஎத்திலீன் ஆக்சைடு ஒரு பக்கம், பாலிபியூட்டிலீன் ஆக்சைடு மறுபக்கம். ஒன்று தண்ணீரோடு ஒட்டும், மற்றது தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். சோப்பைத் தவிர வேறு பேசாத நம் சோப்பு சார் இதைப் பார்த்தால் "சோப்புக்குக் கொஞ்சம் வால் நீண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கு இதைப் பிடித்ததே அதனால்தான். பாலிமர்களில், சோப்புக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற இந்தக் குட்டிகளால்தான் மைசெல்லை, அதாவது தண்ணீரில் சங்கிலிகள் கூடி அமைக்கும் திரளை, விட்டு வெளியே வந்து இன்னொன்றுக்குள் எளிதாக நுழைய முடிகிறது. நீளமானவை உள்ளே போனால் போனதுதான்.

காரணம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சங்கிலி வெளியேற வேண்டுமானால் அதன் ஒதுங்கும் பகுதி முழுவதும் ஒரு கணம் தண்ணீரில் நனைந்தாக வேண்டும். ஒவ்வொரு அலகும் அந்தத் தடையை உயர்த்துகிறது, தடையோ வேகத்தைக் கணக்கிடும் எக்ஸ்பொனென்ஷியலுக்குள், அடுக்கில், உட்கார்ந்திருக்கிறது. நீளம் கொஞ்சம் கூடினாலே வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு விழுந்துவிடும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய மைசெல்லையும் சாதாரண மைசெல்லையும் கலந்து, இரண்டின் சராசரிக்குக் கரைப்பானைப் பொருத்தி வைத்து நியூட்ரான் சிதறலில் பார்ப்பார்களே, சங்கிலிகள் இடம் மாற மாற சிக்னல் மெல்ல மெல்ல அணைந்துபோகும். இந்தத் துறையிலேயே அழகான சோதனை அதுதான் என்பேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், உனக்கு சிமுலேஷன் மானிட்டரில் ஓடினால்தான் அழகு.

சரி, இப்போது என் தலைவலி. எங்கள் சாம்பிளில் மைசெல்லின் பந்து, புழு, பை என்ற மூன்று வடிவமும் சேர்ந்தே தெரிகின்றன. கிரையோ மின்நுண்ணோக்கிப் படத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கட்டுரையை அனுப்பினோம். அதை மதிப்பிட்ட ரெஃப்ரீ ஒரே வரியில் முடித்துவிட்டார்: மூன்று வடிவமும் கலந்திருந்தால் அது சமநிலை இல்லை. ஜெயினும் பேட்ஸும் 2004இல் பாலிபியூட்டடையீன் சங்கிலிகளில் காட்டியது அவர் மனதில் இருந்திருக்கும். அங்கே சங்கிலி நீளம், இடமாற்றமே கிடையாது, எந்த வடிவத்தில் மாட்டினதோ அதிலேயே உறைந்துவிடும். அவர்கள் விஷயத்தில் சரி. என்னுடையது பத்து அலகு, அப்பா! சங்கிலிகள் ஓயாமல் உள்ளே வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. நேராகத் தண்ணீரில் கரைத்தாலும், எத்தனாலில் கரைத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனாலை நீக்கினாலும், கடைசியில் சிதறல் வளைவு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது. உறைந்து போயிருந்தால் வந்த வழி தெரியாமலா இருக்கும்?

அப்புறம் ஏன் மூன்று வடிவம்? இதை யோசித்து யோசித்துத்தான் உனக்கு எழுதாமலே இருந்துவிட்டேன். டிஸ்பர்சிட்டி (நீளங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் எண், எல்லாம் ஒரே நீளம் என்றால் 1) 1.1 என்று நாமெல்லாம் மார்தட்டிக்கொள்கிறோம். நூறு அலகுச் சங்கிலிக்கு அது சுமாரான எண். பத்து அலகுக்கு அதுதான் பாய்சான் பரவல், அலகுகள் தற்செயலாக ஒட்டுவதால் வரும் நீளச் சிதறல், வினை எந்தக் கோளாறும் இல்லாமல் நடந்தாலே வருவது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாயா? சராசரி 10 என்றால் 4 அலகும் அதற்குக் குறைவும் உள்ளவை 100க்கு 3, 16உம் அதற்கு மேலும் உள்ளவை 100க்கு 5. இரண்டு பக்கமும் இப்படியே சிதறியிருக்கிறது. ஒரு சங்கிலியின் உருவம் எந்த வடிவத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல இஸ்ரேலாச்விலி கூட்டணி 1976இல் கொடுத்த பொதிவு எண்ணைப் போடு: மூன்றில் ஒன்றுக்குக் கீழே பந்து, பாதி வரை உருளை (நம் புழு), அதற்கு மேல் 1 வரை பை. நம்முடைய சராசரி, பாதி என்ற எல்லைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டிலில் இருப்பது ஒரு பொருள் இல்லை சுமதி, பல நீளங்களின் கூட்டம். இடம் மாற முடிவதால்தான் அவை தங்களுக்கு ஏற்ற வடிவத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. லுவோவும் ஐசன்பெர்க்கும் 2001இல் பையின் உள்சுவரில் தண்ணீரோடு ஒட்டும் பகுதி குட்டையானவையும் வெளிச்சுவரில் நெட்டையானவையும் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். பைக்கே அப்படி என்றால், வடிவங்களுக்கு இடையில் ஏன் நடக்கக் கூடாது?

என் மாணவி ஒருத்தி, பேசவே மாட்டாள், சாம்பிளைச் சிலிக்கா நிரப்பிய குழாய் வழியாக விட்டு நீளவாரியாகத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். நடுத்துண்டைத் தண்ணீரில் கரைத்தால் புழு மட்டும். பந்தும் இல்லை, பையும் இல்லை. எல்லாத் துண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, பிறகு ஒன்றாக ஊற்றி விட்டுவைத்தோம். மூன்று வடிவமும் திரும்பி வந்துவிட்டன! உறைந்த சங்கிலி இதைச் செய்யுமா? நீயே சொல். கேட்டுவிடுவாய் என்பதால் முன்கூட்டியே: ஆமாம், மறுபடியும் செய்து பார்த்தோம்.

இதில் எனக்கு உண்மையாகவே பயமும் இருக்கிறது. இந்தக் குட்டிகளில் மருந்தை ஏற்றலாம் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் சராசரியை வைத்துத்தான் பேசுகிறார்கள். நீர்த்துப்போகும்போது முதலில் கழன்று ஓடுவது குட்டைச் சங்கிலிகள். மிச்சம் இருப்பது வேறு கலவை, அதனால் வேறு வடிவமாகவும் இருக்கலாம். ஊசியில் ஏற்றியது ஒன்று, உடம்புக்குள் இருப்பது இன்னொன்று. எங்கள் கட்டுரையில் இதை எவ்வளவு தூரம் அழுத்திச் சொல்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

உன்னிடம் எனக்கு வேலை இருக்கிறது. உன் சிமுலேஷனில் எல்லாச் சங்கிலியும் அச்சில் வார்த்த செங்கல் மாதிரி ஒரே நீளம். வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டிவிட்டு எங்களைப் பார்த்து "உங்கள் சோதனை சுத்தமில்லை" என்கிறாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இரண்டு பகுதிக்கும் பாய்சான் பரவல் கொடுத்து ஓட்டிப் பார். எந்த நீளம் எந்த வடிவத்தில் போய் நிற்கிறது என்று மட்டும் எண்ணிச் சொன்னால் போதும். எங்கள் துண்டுகளின் நீளப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ரெஃப்ரீக்கு மாதக் கடைசிக்குள் பதில் போக வேண்டும். முடியாது என்றால் உடனே சொல்லிவிடு, சிவாவின் மாணவன் ஒருவனைப் பிடித்துக்கொள்கிறேன். அவன் போனாவது எடுக்கிறான்.

அன்புடன்,
கௌரி