பனங்காட்டில் ஒரு ஞாயிறு: பெங்களூருத் தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெங்களூருவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. வந்து சேர்ந்ததும் தொலைபேசியில் நன்றி சொன்னேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உன்னிடம் பேச நினைத்திருந்ததை அப்போது பேச முடியவில்லை. பேச்சு ரயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் ஒரு தம்பியோ மகளோ உன்னைப் போலப் பெங்களூருவில் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் குடும்பத்தோடு எங்கே போவது என்ற பேச்சு அந்த வீடுகளிலும் நடக்கிறது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று நீ எங்களை அந்தப் புரூவரிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னபோது உன் அத்தான் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பீர் காய்ச்சுகிற இடத்துக்குப் பிள்ளைகளையும் உன் மாமனார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போவதா என்று மனம் கூசியது. ஆனால் உள்ளே நுழைந்ததும் நான் கண்டது வேறு. நீண்ட மர மேசைகளில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை உட்கார்ந்திருந்தார்கள். உன் அலுவலக நண்பர்கள் மூன்று குடும்பமாக வந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், நம் ஊர் அரிசி ஆலையின் நெல் அவிக்கும் தொட்டிகளைப் போல, ஆளுயரத்துக்கு மேல் எஃகுக் கலன்கள் வரிசையாக நின்றன.

அங்கே வேலை செய்த இளைஞர் பிள்ளைகளைக் கண்ணாடி அருகில் கூட்டிப்போய் விளக்கியதை நான் மறக்கவில்லை. பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைப்பது, அதை உடைத்து 65 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது, அந்தச் சாற்றை வடித்து ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பது, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்ப்பது, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுவது என்று ஒவ்வொரு படியாகச் சொன்னார். ஏல் என்ற வகை 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில நாட்களில் நொதித்துவிடும் என்றும், லாகர் வகைக்கு 10 டிகிரி அளவுக் குளிர்ச்சியும் பல வாரப் பொறுமையும் வேண்டும் என்றும் அவர் சொன்னபோது, உன் சின்ன மகள் என் கையை இழுத்து, "அத்தை, நம்ம வீட்டு இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதும் இதுதானா?" என்று கேட்டாள். நுண்ணுயிர் வேறு, வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அந்த இளைஞர் சிரித்தபடி சொன்னார். அந்த நாள் முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுவே என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

என் கூச்சத்துக்குக் காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் நாம் இருவரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியதே இல்லை. நம் சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காத்திருப்பு. வைகை அணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்வார். அம்மா புளியோதரை கட்டிவைப்பாள். அப்பாவின் நண்பர்கள் வருவார்கள். அவர்களோடு போனவர் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஒரே ஒரு முறை உண்மையாகவே அணைக்குப் போனோம். பூங்காவில் நம்மை உட்காரவைத்துவிட்டு அவர்கள் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள். உனக்கு அப்போது ஆறு வயது. நீர் விழும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுது அழுது என் மடியில் தூங்கிப்போனாய். அன்றிலிருந்து குடியும் குடும்பமும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க முடியாது என்று என் மனதில் பதிந்துவிட்டது. நம் ஊர் நடைமுறையும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிற சில்லறைக் கடைகளின் வாசலில் பெண்களோ பிள்ளைகளோ நிற்பதை நான் கண்டதில்லை. மதுரையில் குடி என்பது ஆண்கள் தனியாகப் போய்ச் செய்துவிட்டு வருகிற காரியமாகவே இருந்து வந்திருக்கிறது.

அதனால் அன்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டாய், சின்னவளின் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நசுக்கிக் கொடுத்தாய், வீடு திரும்ப வாடகைக் கார் பிடித்தாய். என் நெஞ்சில் முப்பது ஆண்டுகளாக இருந்த ஒரு முடிச்சு அன்று சற்றுத் தளர்ந்தது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று நம் மேசை இரண்டாகப் பிரிந்திருந்ததை நீ கவனித்தாயா? ஒரு பாதியில் நீங்கள் நான்கு வகைப் பீரைச் சிறு கோப்பைகளில் வாங்கி, எது கோதுமை, எது கறுப்பு என்று ருசித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மறுபாதியில் நானும் உன் மாமியாரும் பிள்ளைகளும் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தோம். அது எந்த ஊரிலும் கிடைக்கும் சாறு. அந்த இடத்தின் பெருமையே ஒரு பானம் கண்ணெதிரே உருவாவதும், உருவான இடத்திலேயே அதைக் குடிப்பதும்தான். அதைப் பற்றி அத்தனை ஆவலோடு கேட்ட குழந்தையின் நாக்குக்கு மட்டும் அது எட்டவில்லை, எட்டவும் கூடாது. குடும்பமாகப் போகிற பயணத்தில், செய்வதைப் பார்த்தவர்கள் எல்லோரும் செய்ததைச் சுவைக்கவும் முடிய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி ஒரு பயணம் நம் பக்கத்தில் இருக்கிறது. நீ பிறந்த மண்ணின் பானங்களை உன் பிள்ளைகளுக்கு இதுவரை காட்டவில்லை.

ஆகையால் வரும் கோடை விடுமுறையில் நீ இங்கே வர வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் செவ்வாய் தவிர எல்லா நாளும் ஓடுகிறது; வெள்ளிக்கிழமை மதியம் பெங்களூரு கண்டோன்மெண்டில் ஏறினால் இரவு பத்து மணிக்குள் மதுரையில் இறங்கிவிடலாம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வந்தால் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தலும் பானக்கமும் இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் வண்டி எடுத்து வெளியூர் போக முடியாது. திருவிழா முடிந்த அடுத்த வாரம் வா.

சனிக்கிழமை காலை பருத்திப்பாலை வீட்டிலேயே செய்யலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். தள்ளுவண்டியில் வாங்கிக் குடித்துத்தான் உனக்குப் பழக்கம். அது எப்படி வருகிறது என்று உனக்கும் தெரியாது. இரவே பருத்திக்கொட்டையை ஊறவைத்து, காலையில் அரைத்து, துணியில் போட்டுப் பிழிந்தால் பசும்பாலைப் போல வெள்ளையாக இறங்கும். இரண்டு, மூன்று முறை தண்ணீர் விட்டுப் பிழிய வேண்டும்; அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். பாலைக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் பச்சரிசி மாவைக் கரைத்துவிட்டு, கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலக்காயும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறினால் கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வரும். கைவிடாமல் கிளற வேண்டும், இல்லாவிட்டால் அடிபிடித்துவிடும். அன்று மாலை விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன். பாதாம் பிசின், சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத் என்று அதன் அடுக்குகளைக் கடைக்காரர் ஊற்றும்போதே பார்க்கலாம். அதைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் மிகவும் விரும்புவது ஞாயிற்றுக்கிழமையைத்தான். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் தோழியின் வீடு சாயல்குடிப் பக்கம் இருக்கிறது. சனிக்கிழமை இரவே அருப்புக்கோட்டை வழியாகப் போய் அங்கே தங்கிவிட்டால், விடியும் முன் பனங்காட்டுக்குள் நடந்து போகலாம். போன பங்குனியில் நானும் உன் அத்தானும் போனோம். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பனையேறி ஒருவர் காலில் நாரைக் கோத்துக்கொண்டு, இடுப்பில் அரிவாள்பெட்டியோடு ஏறினார். மேலே பாளைகளை முன்பே இடுக்கியால் நசுக்கிக் கட்டி, நுனியைச் சீவி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மண்கலயத்தைக் கட்டியிருந்தார். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கிய பதநீரை எடுத்துக்கொண்டு, பாளையின் நுனியை மறுபடியும் மெல்லிசாகச் சீவிவிட்டு இறங்கினார். காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் இப்படி ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பதநீர் இறங்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். குருத்தோலையில் பட்டை மடித்துக் கையில் கொடுத்தார். நுங்கு இரண்டைச் சீவி அதிலேயே போட்டார். ஓலை வாசத்தோடு அந்தக் குளிர்ந்த இனிப்பு தொண்டையில் இறங்கியபோது எனக்குக் கண் கலங்கியது. அம்மாவும் நீயும் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லையே என்றுதான் நினைத்தேன்.

உன் மகளின் கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். தடவாமல் விட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட், புரூவரிக் கலனுக்குள் செய்கிற அதே வேலையை யாரும் சொல்லாமலே செய்யத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் பதநீர் நுரைத்துக் கள்ளாகிவிடும். அங்கே வாரக்கணக்கில் குளிரூட்டிக் காவல் காத்து வளர்ப்பதை, இங்கே ஒரு விரல் சுண்ணாம்பால் தடுத்து நிறுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை சரியா என்று வீடுகளில் நடக்கும் வாதம் எனக்குத் தெரியும். அதற்குள் இந்தக் கடிதத்தில் நான் போகவில்லை. ஒரே மரத்தின் ஒரே சாறு ஒரு பூச்சுச் சுண்ணாம்பால் இரண்டு வழியில் பிரிவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

பக்கத்திலேயே விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை, இருக்கிறது. பனையேறியின் மனைவி அங்கே காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்துப் பதநீரைக் காய்ச்சுகிறார். சூடாகும்போது சுண்ணாம்பை அடியில் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் கொப்பரையில் ஊற்றுகிறார். ஏறக்குறைய எட்டுப் பத்து லிட்டர் சுண்டினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பதம் பார்த்து, கொட்டாங்கச்சிகளில் ஊற்றி ஆறவைக்கிறார். வெயிலும் அனலும் சேர்ந்த அந்த வேலையைப் பார்த்த பிறகு, சர்க்கரை கலந்த கருப்பட்டியைக் கடையில் மலிவாக வாங்க எனக்கு மனம் வரவில்லை. நாம் அங்கேயே வாங்குவோம். அவர் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுப்போம். உன் நண்பர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. அவர்கள் மூன்று குடும்பமும் வந்தாலும் தோழியின் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது.

உன் மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் பதநீர் ஒரு வாய்க்கு மேல் வேண்டாம். அவருக்கு நுங்கு வாங்கிக்கொள்ளலாம். அவர் வெயில் ஏறும் முன் வீட்டுக்குத் திரும்ப உன் அத்தான் வண்டியோடு இருப்பார்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று உன் அத்தான் கேட்டார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவருக்கு அங்கே போகும் எண்ணம் இருக்கிறது. அது மேற்கே 115 கிலோமீட்டர், சாயல்குடியோ தெற்கே. இரண்டு நாளில் இரண்டையும் அடைத்தால் பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிடுவார்கள். அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வோம். அப்போது வழியில் வைகை அணையில் இறங்கி, நீ பார்க்காமல் தூங்கிப்போன அந்த நீர் விழும் இடத்துக்கு நாம் இருவரும் போக வேண்டும்.

எந்த வாரம் வருகிறாய் என்பதைச் சீக்கிரம் சொல். ஆனி பிறந்துவிட்டால் பதநீர் குறைந்துவிடும், பனையேறியிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டையும் காலை மூடும் செருப்பும் எடுத்து வா. பனங்காட்டில் கீழே கிடக்கும் மட்டைகளின் கருக்கு, ரம்பத்தைப் போலக் காலைக் கிழித்துவிடும்.

அன்புடன்,
அக்கா
மதுரை