குடும்பக் கட்டுப்பாடு பொம்பளைக்கு மட்டுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு ரெண்டாவது குழந்தை பொறந்தப்போ மயக்கம்கூட சரியா தெளியல, நர்ஸம்மா வந்து ஆப்பரேஷன் பண்ணிடலாமான்னு கேட்டாங்க, என்கிட்ட இல்ல, எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவருக்குப் பண்ணலாமான்னு யாரும் கேக்கல (அவரும் வாயே தொறக்கல). ஆம்பளைக்குப் பண்றதுதான் சின்ன ஆப்பரேஷன், ஆனா 2019-21 தேசிய குடும்பநல சர்வேல நாடு முழுக்க கல்யாணமான ஜோடிகள்ல பொம்பளை ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டது 37.9 சதவீதம், ஆம்பளை பண்ணிக்கிட்டது 0.3. நம்ம தமிழ்நாட்டுல பொம்பளைங்க 57.8!

2014 நவம்பர்ல சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கத்துல, மூடிக்கெடந்த ஆஸ்பத்திரி ஒண்ணுல நடந்த குடும்பக் கட்டுப்பாடு முகாம்ல ஒரே டாக்டர் சில மணி நேரத்துல 83 பேருக்கு ஆப்பரேஷன் பண்ணி 10 பேருக்கு மேல செத்தாங்களே, அவங்கல்லாம் யாரு? அன்னாடங்காச்சிங்க, தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பொண்ணுங்க. வசதியான வீட்டம்மா யாராச்சும் அந்த முகாம் வரிசைல நின்னிருப்பாங்களா? அப்புறம் 2016ல சுப்ரீம் கோர்ட்டே இந்த முகாமெல்லாம் 3 வருஷத்துல நிறுத்துங்கன்னு சொல்லிடுச்சு.

மகாராஷ்டிரா பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பொண்ணுங்க கதை வேற மாதிரி. புருஷன் பொண்டாட்டி ஜோடியாத்தான் கூலி, ஒரு நாள் லீவு போட்டா மேஸ்திரிகிட்ட அபராதம் கட்டணும், மாதவிலக்கு வந்தாலும் அதே கதைதான், காட்டுல கக்கூஸும் கெடையாது, அதனால சின்ன வயசுலயே கர்ப்பப்பையை எடுத்துடுறாங்க. இது ஆஸ்பத்திரி பிரச்சனையா கூலிப் பிரச்சனையா? உங்க பேப்பர்ல இதையெல்லாம் மகளிர் பக்கத்துல போடாம மொதப் பக்கத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை